புதுப்பிப்பு: கோணிப்போன ஃபெதர்பெட் சேசிஸ் நேரானது

முத்தியால்பேட்டை வீட்டின் பின்கட்டில் நார்ட்டன் மோட்டார் சைக்கிளின் ஃபெதர்பெட் சேசிஸுக்கு, அதாவது வண்டியைத் தாங்கும் குழாய்ச் சட்டத்துக்கு, நகல் ஒன்றைச் செய்கிறேன், வெல்டிங் முடிந்ததும் ஹேண்டில்பார் கழுத்துக் குழாய் இடப்பக்கம் இழுத்துக்கொண்டது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன் இல்லையா? சரியாகிவிட்டது.

சூடு வைத்து நிமிர்த்தச் சொன்னவர்களே அதிகம். எனக்கு மனம் வரவில்லை. பெல்பாஸ்டின் மெக்கேண்ட்லஸ் சகோதரர்கள் வடிவமைத்து 1950இல் பந்தயத்துக்கு வந்த இந்தச் சேசிஸில், இரண்டு பக்க வளையக் குழாய்களும் கழுத்தருகே ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றன, அதன் உறுதி முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. அங்கே முறுக்கி நிமிர்த்தினால் நம்பி ஓட்ட முடியாது. அதனால் கழுத்தை அறுத்தே எடுத்துவிட்டேன்.

இந்தமுறை அசலில் செய்ததைப் போலவே பித்தளைக் கம்பியால் ஒட்டினேன். எஃகு உருக ஏறக்குறைய 1500 டிகிரி வேண்டும், இந்தக் கம்பி 900 டிகிரி வாக்கிலேயே ஓடிவிடும், அதனால் குழாய் இழுப்பதும் குறைவு. லேத் பட்டறை அண்ணன் கடைந்து கொடுத்த கனமான தண்டைக் கழுத்துக்குள் செருகி, குழாய்களை அசையாமல் பிடிக்கும் ஜிக்கில் இறுக்கி, எதிரெதிர்ப் பக்கமாகப் புள்ளி புள்ளியாக ஒட்டி, ஒவ்வொரு முறையும் ஆறவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டேன். மூன்று நாள் பிடித்தது.

அப்புறம் கழுத்திலிருந்து பின்சக்கர அச்சு வரை நூல் பிடித்துப் பார்த்தேன். நடுவில் நேராக நின்றது, அவ்வளவு சந்தோஷம்! கடற்காற்றில் ஒரே இரவில் துரு படிந்துவிடும் என்பதால் அன்று மாலையே ரெட் ஆக்சைடு அடித்துவிட்டேன். அடுத்தது ஸ்விங் ஆர்ம், பின்சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசையும் கை.