தாழுருகா, இணையுருகா?

ஐயா, வணக்கம்.

தனித்தனியே உயர்ந்த வெப்பநிலையில் உருகும் பொருள்கள், சேர்ந்ததும் மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலேயே நீர்மமாகிக் கரைப்பானாகப் பயன்படும் கலவைதான் 'டீப் யூடெக்டிக் சால்வென்ட்'. அதற்கு நீங்கள் முன்வைத்த 'தாழுருகு கரைப்பான்' சொல்ல எளிதாக இருக்கிறது. ஆனாலும் ஓர் உறுத்தல். தாழ்ந்த வெப்பநிலையில் உருகுவதுதான் அடையாளம் என்றால் பனிக்கட்டியும் இந்தப் பெயருக்கு உரிமை கோரும்.

குடுவையில் 139.6 கிராம் கோலின் குளோரைடும் 120 கிராம் யூரியாவும் போடுங்கள். மோல் கணக்கில் 1:2. இரண்டுமே வெள்ளைத் திண்மங்கள். 80 டிகிரி செல்சியசில் கலக்கிக்கொண்டே இருந்தால், சொட்டு நீர் விடாமலே தெளிந்த நீர்மமாகிவிடும். தனித்தனியே உருகுநிலை 302, 133 டிகிரி. கலவைக்கு 12 டிகிரி என்று 2003இல் வேதியியலாளர் அப்பட் குழுவினர் எழுதினார்கள். யூரியாவின் ஹைட்ரஜன்கள் குளோரைடு அயனியைப் பற்றிக்கொள்வதால் பழையபடி படிகமாக அடுக்கிக்கொள்வது கடினமாகிறது. ஆக, சேர்க்கைதான் இங்கே விஷயம். தாழ்வு அதன் விளைவு.

அதனால் என் பரிந்துரை 'இணையுருகு'. 'உருகுநிலை'யில் போலவே 'உருகு கரைப்பான்' வினைத்தொகை; 'இணை'யோடு சேரும்போது இடையில் யகர உடம்படுமெய் வரும், அவ்வளவுதான். 'இணை' என்றால் இரண்டுதானே, மூன்று பொருள் சேர்ந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பெயராகக் கொண்டால் சோடி; வினையாகக் கொண்டால் எத்தனை பேரும் இணையலாம்! 1884இல் ஆங்கில அறிவியலாளர் குத்ரி கிரேக்கத்திலிருந்து எடுத்த 'யூடெக்டிக்' என்ற சொல்லுக்கு 'எளிதில் உருகுவது' என்றுதான் பொருள். மூலத்தில் இல்லாததை நாம் சேர்க்கிறோம், தெரிந்தேதான்.

'டீப்' என்பதை விட்டுவிடலாம் என்றீர்கள். கூடாது. இரு பொருளும் இலட்சியக் கலவையாக, அதாவது தமக்குள் ஈர்ப்பதுபோலவே ஒன்றையொன்று ஈர்த்து நடந்துகொண்டால் உருகுநிலை எவ்வளவு இறங்க வேண்டுமோ, அதற்கும் கீழே இறங்குவதையே அந்த அடை சுட்டுகிறது. எனவே 'ஆழ் இணையுருகு கரைப்பான்'.

இந்தக் கரைப்பான்களில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு கரையும் என்று கணிப்பவர்களுக்கும் இந்தச் சேர்க்கைதான் தலைவலி. அழுத்தம் கூடினால் கரைதிறன் கூடும், வெப்பம் கூடினால் குறையும், அதுவரை சிக்கலில்லை. அதே இரு பொருள்களின் விகிதத்தை மாற்றினாலோ கொஞ்சம் ஈரம் ஏறினாலோ எண் நகர்ந்துவிடும். அழுத்தம், கனஅளவு, வெப்பநிலை மூன்றையும் இணைக்கும் பெங்–ராபின்சன் போன்ற நிலைச் சமன்பாட்டில் போட வேண்டிய மாறுநிலை வெப்பநிலையையும் (அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் வாயு நீர்மமாகாது) அளக்க முடியாது, அதை எட்டுமுன் கரைப்பானே சிதைந்துவிடும். மதிப்பிட்டுத்தான் போடுகிறார்கள். எந்திரக் கற்றலும் தான் பார்த்த சேர்க்கைகளுக்கு வெளியே போனால் தடுமாறுகிறது.

வாயுவின் அழுத்தத்தையும் அது கரையும் அளவையும் இணைக்கும் எண்ணான 'ஹென்றி மாறிலி'யின் பெயரை மாற்ற வேண்டாம். பெயர் மாறிலி, வெப்பநிலையோடு தானும் மாறும்; இருந்தாலும் ஊன்றிவிட்ட சொல். ஆனால் கலைச்சொல் குறிப்பில் ஒரு வரி அவசியம்: அழுத்த அலகில் தரும்போது எண் பெரிதானால் கரைவது குறைவு. மாணவர்கள் தலைகீழாகப் படிக்கிறார்கள்.

சூழலுக்குத் தீங்கு குறைந்த 'கிரீன் சால்வென்ட்'டுக்குப் 'பசுங்கரைப்பான்' எனக்குச் சம்மதம். ஹைட்ரஜன் பிணைப்பில் ஹைட்ரஜனைத் தரும் 'டோனர்', அதை ஏற்கும் 'அக்செப்டர்' இரண்டுக்கும் முறையே வழங்கி, ஏற்பி என்று வைத்திருக்கிறேன். 'வழங்கி'யைவிட 'ஈனி' நல்லதா, சொல்லுங்கள்.