வந்ததும் கூப்பிடுறேன்: டோயிக் பயிற்சியில் மனத்தில் நின்றுபோன வினைச்சொல்

இளந்தைக்குளம் நைட் ஷிஃப்ட்

டோயிக் என்கிற ஆபீஸ் இங்கிலீஷ் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், எழுதி முடித்தவர்கள் யாராவது இருந்தால் உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். எனக்கு நடந்தது சின்ன விஷயம்தான். ஆனால் இரண்டு வாரமாக மனத்தை விட்டுப் போகவில்லை.

எங்கள் டீமுக்கு ஜப்பான் கிளையன்ட், அதனால் டோயிக் மதிப்பெண் கேட்கிறார்கள். ஐந்தாம் பகுதி உங்களுக்கே தெரியும். ஒரு வாக்கியம், நடுவில் கோடு, நான்கு விடைகள். எனக்கு அடி விழுவது வினைச்சொல்லில், அதிலும் 'வென்' வருகிற வாக்கியத்தில். அதற்குப் பின்னால் 'வில்' போடக்கூடாது என்பது மனப்பாடம். இருந்தாலும் நேரம் ஓட ஆரம்பித்தால் விரல் 'வில்'லுக்குத்தான் போகும்.

அன்றைக்கு மாமா கடைக்குக் கோயம்புத்தூரிலிருந்து கிரைண்டர் வரவேண்டியிருந்தது. கீழமாசி வீதிப் பக்கம் ஒரு லாரி பார்சல் ஆபீஸில் மூட்டை மேல் உட்கார்ந்து போனில் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். கேள்வி இதுதான்: 'ப்ளீஸ் கால் அஸ் வென் த ஷிப்மென்ட் ___'. 'வில் அரைவ்' என்று தொட்டேன். சிவப்பு விழுந்தது. அதே நேரம் மேசையில் இருந்த அண்ணன் யாரிடமோ போனில் சொல்கிறார்: "லோடு இன்னும் வரலண்ணே. வந்ததும் நானே கூப்பிடுறேன்."

எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. லோடு வரவில்லை, இனிமேல்தான் வரப்போகிறது. ஆனாலும் அவர் வாயில் வந்தது 'வந்ததும்'. இன்னும் நடக்காத காரியத்துக்கு நாமும் எதிர்காலம் போடுவதில்லை. இங்கிலீஷ் 'அரைவ்ஸ்' என்கிறது, நாம் 'வந்ததும்' என்கிறோம். கூப்பிடுவதுதான் இனி நடக்க வேண்டியது, வருவது அதற்கு ஒரு குறி மட்டும். இத்தனை வருஷமாக எனக்கு இதை யாரும் இப்படிக் காட்டவே இல்லை. இப்போது 'வென்' என்று பார்த்தாலே அந்த அண்ணன் குரல்தான் கேட்கிறது. இப்படித் தமிழை வைத்துப் பிடித்துக்கொள்வது சரியா, இல்லை வேறு எங்காவது கவிழ்த்துவிடுமா?

உசிலம்பட்டி நர்ஸ்

நான் எழுதியது டோயிக் இல்லை, மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. என்கிற இங்கிலீஷ் தேர்வு, அதில் நர்ஸ்களுக்கானது. அதில் 45 நிமிஷத்தில் நோயாளியைப் பற்றி ஒரு கடிதம் எழுத வேண்டும். முதல் 5 நிமிஷம் குறிப்பைப் படிக்க மட்டும். பயிற்சிக்கு நான் எழுதிய கடிதத்தில் 'ஹி ஹேட் பீன் ஸ்மோக்கிங்' என்று இருந்தது. திருத்தியவர் ஓரத்தில் ஒரே கேள்விதான் எழுதியிருந்தார்: விட்டுவிட்டாரா, இல்லையா? குறிப்பில் அவர் இன்னும் புகை பிடிக்கிறார் என்றுதான் இருந்தது. அப்படியானால் 'ஹேஸ் பீன்' வரவேண்டும். ஒரே ஒரு எழுத்து வித்தியாசம் என்று எரிச்சலாக இருந்தது.

அடுத்த நாள் வார்டில் பேரையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் சேர்ந்தார். இருமல். "பீடி குடிப்பீங்களாய்யா?" என்றேன். "குடிச்சுக்கிட்டு இருந்தேன்மா" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்தில் நின்ற அவர் வீட்டு அம்மா, "இருந்தேனா? இருக்கேன்னு சொல்லுங்க" என்றார்.

கையில் பேனாவோடு அப்படியே நின்றுவிட்டேன். 'இருந்தேன்', 'இருக்கேன்'. அந்த அம்மா பள்ளிக்கூடம் போனவரா என்றுகூடத் தெரியாது. ஆனால் அந்த வித்தியாசத்தில் ஒரு நோயாளியின் முழு விவரமும் மாறுகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து 'ஹேஸ் பீன்', 'ஹேட் பீன்' எனக்குத் தப்பியதே இல்லை.

திருநகர் 75 நிமிஷம்

இரண்டு பேர் சொன்னதும் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நைட் ஷிஃப்ட் தம்பி, 'வந்ததும்' சரி. 'லோடு வரும்போது கூப்பிடுறேன்' என்றும் நாம் சொல்வோமே? அங்கே 'வரும்' எதிர்காலம். அதை நம்பிப் போனால் மறுபடியும் 'வில் அரைவ்'தான் விழும். தமிழைத் துணைக்கு வைத்தால் பாதி நேரம் கைகொடுக்கும், பாதி நேரம் காலை வாரும்.

என் கதை சின்னது. முதல் மாதிரித் தேர்வில் மணி அடித்தபோது எனக்குக் கடைசி 20 கேள்விகள் மிச்சம். இலக்கணம் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு வினைச்சொல்லையும் மனத்துக்குள் தமிழாக்கிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த 20 வெற்று வட்டங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

அதனால் சொல்கிறேன். 1979-இல் ஜப்பானில் ஆரம்பித்த தேர்வு இது, ஆபீஸ் வேலைக்கென்றே வந்தது. கேட்டலில் 100 கேள்வி, வாசிப்பில் 100 கேள்வி, சேர்த்து 990-க்கு மதிப்பெண். வாசிப்புக்கு 75 நிமிஷம்தான். அதில் ஐந்தாம் பகுதிக்கு 30 கேள்வி, ஆறாம் பகுதிக்கு 16, ஏழாம் பகுதிக்கு 54. ஏழாம் பகுதியில் மின்னஞ்சல், அறிவிப்பு, விளம்பரம் என்று ஒவ்வொன்றையும் படித்தே ஆக வேண்டும். அதற்கு 55 நிமிஷமாவது ஒதுக்கிவிட்டு மீதி 20 நிமிஷத்தில்தான் ஐந்தாம், ஆறாம் பகுதி இரண்டும். அதில் பாதியை ஆறாம் பகுதிக்கு விட்டால் ஒரு ஐந்தாம் பகுதிக் கேள்விக்கு 20 விநாடிதான் கிடைக்கும். வாக்கியம் முழுக்கப் படிக்காதீர்கள். முதலில் காலம் சொல்லும் சொல்லைத் தேடுங்கள். 'சின்ஸ்' இருந்து அதற்குப் பின்னால் ஒரு வருஷம் வந்தால் 'ஹேவ்', 'ஹேஸ்' பக்கம் பாருங்கள். 'பை த டைம்' வந்து பின்னால் இறந்தகாலம் இருந்தால் 'ஹேட்'. 'சஜஸ்ட் தட்', 'ரெகமண்ட் தட்' வந்தால் வினைச்சொல்லின் மூல வடிவம், 'எஸ்' சேர்க்கக்கூடாது. 'லுக் ஃபார்வர்ட் டு'வுக்குப் பின்னால் 'இங்'. தவறுக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் எதையும் காலியாக விடாதீர்கள். என் 20 கேள்வியைச் சும்மா நிரப்பியிருந்தாலே நாலைந்து சரியாகியிருக்கும்.

கப்பலூர் ஸ்டோர்ஸ்

நான் தேர்வெல்லாம் எழுதவில்லை, உள்ளுக்குள் பதவி உயர்வுக்கு ஒரு நேர்காணல், அவ்வளவுதான். 'ஐ டிட் நாட் வென்ட்' என்றேன். எதிரே இருந்தவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மேசையில் வைத்துவிட்டார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. போகாதது நேற்றுத்தானே, அப்போது 'வென்ட்' எப்படித் தப்பாகும் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

மேலூர் வாத்தியார்

கப்பலூர் தம்பிக்கு முதலில். 'நேற்று நான் போகவில்லை' என்று சொல்லிப் பாருங்கள். 'போனவில்லை' என்று மேலூரில் கைக்குழந்தைகூடச் சொல்லாது. இல்லை என்பது வந்ததும் 'போன' மறைந்து 'போக' வந்துவிடுகிறது, காலம் இல்லாத சொல். இங்கிலீஷிலும் அதே கதைதான். காலத்தை 'டிட்' எடுத்துக்கொண்டது, 'கோ' வெறுமனே நிற்கிறது. சாயங்காலம் என்னிடம் படிக்க வருகிற பிள்ளைகளில் ஒருத்தி, வெள்ளரிக்காய் விற்றுவிட்டு நேரே வருவாள், இதைக் கேட்டுவிட்டுத் தானாகவே 'டிட் நாட் ஈட், டிட் நாட் கம், டிட் நாட் ஸீ' என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு போனாள். அந்த விரல்களைத்தான் நான் மறக்கவில்லை.

திருநகர் ஐயாவுக்கு. நேரக் கணக்கு நீங்கள் சொன்னது சரிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 'வரும்' என்பது எதிர்காலம் மட்டும்தான் என்றீர்களே, அதை விட முடியாது. 'சூரியன் கிழக்கே உதிக்கும்', 'பஸ் இங்கே நிற்கும்', 'அவர் தினமும் வருவார்'. இதெல்லாம் நாளைய செய்தியா? எப்போதும் நடப்பது. இங்கிலீஷ் அங்கே 'ரைஸஸ்', 'ஸ்டாப்ஸ்', 'கம்ஸ்' என்று நிகழ்காலம் போடும். தொல்காப்பியமே 'செய்யும்' என்ற வினையை நிகழ்காலத்தோடு வைத்துத்தான் பேசுகிறது. அதனால் 'வரும்போது' என்பதில் உள்ள 'வரும்' உங்களை 'வில்'லுக்குத் தள்ளவில்லை. 'வரும்' என்றாலே 'வில்' என்று நம் பள்ளிக்கூடத்தில் எழுதிப் போட்டோமே, அதுதான் தள்ளுகிறது. அந்தத் தப்பில் வாத்தியார்களுக்குப் பங்கு உண்டு, எனக்கும் உண்டு. நானும் பல வருஷம் அப்படித்தான் எழுதிப் போட்டேன்.

காலை வாரும் இடமும் உண்டு. 'எட்டு வருஷமா வேலை செய்றேன்' என்பதை அப்படியே 'ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் எய்ட் இயர்ஸ்' ஆக்குகிறோம். அங்கே தமிழ் கைகொடுக்காது. 'ஹேவ் பீன் வொர்க்கிங் ஃபார்' என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் பழக வேண்டும்.

திருநகர் 75 நிமிஷம்

'பஸ் இங்கே நிற்கும்' என்பது எனக்குத் தோன்றவில்லை. சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். 20 விநாடிக் கணக்கை மட்டும் விட மாட்டேன்.

இளந்தைக்குளம் நைட் ஷிஃப்ட்

வாத்தியார் ஐயா, நேற்று ஷிஃப்ட் முடிந்து 'வென்', 'பிஃபோர்', 'அன்டில்' வருகிற கேள்விகளாகப் பொறுக்கி 30 போட்டேன். இரண்டுதான் தப்பு, இரண்டுமே 'அன்டில்'. திருநகர் அண்ணன் சொன்னபடி கடிகாரம் வைத்துத்தான் போட்டேன்.

அந்தப் பார்சல் ஆபீஸ் அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று போனேன். லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார், ஆள் வேர்த்து நனைந்திருந்தார். சொல்லாமல் வந்துவிட்டேன். நர்ஸ் அக்கா, அந்தப் பெரியவர் பீடியை விட்டாரா?

உசிலம்பட்டி நர்ஸ்

வீட்டுக்குப் போகிற அன்றைக்கும் கேட்டேன் தம்பி. "குடிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றுதான் சொன்னார். அந்த அம்மா இந்தத் தடவை திருத்தவில்லை.