கவலை நேரத்தில் ஜெபிப்பது எப்படி: அனுபவப் பகிர்வு

சிங்கப்பூர் ஈசூன் வட்டாரம், வீட்டு ஜெபக்குழு நடத்தும் சகோதரர்:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஆள்குறைப்புக் கடிதம் வந்த வீடு, பிள்ளைக்குப் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) நெருங்கும் வீடு, ஸ்கேன் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் வீடு என்று எங்கே ஜெபிக்கப் போனாலும் பிலிப்பியர் 4:6தான் முதலில் வாசிக்கப்படும். வாசித்த பிறகும் மனம் அடங்கவில்லை என்று பலர் சொல்கிறார்கள். 'கவலைப்படாதே' என்ற பாதியோடு நிறுத்திவிடுவதுதான் காரணம். அந்த நிருபத்தைச் சிறையிலிருந்து எழுதிய அப்போஸ்தலன் பவுல் கவலையை உள்ளே விழுங்கச் சொல்லவில்லை. நன்றியோடு விண்ணப்பமாக்கச் சொல்கிறார்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் 15 நிமிடம், ஒரு சின்ன நோட்டு போதும். படுத்த பிறகு வேண்டாம், அப்போது தொடங்கும் ஜெபம் யோசனையில்தான் போய் முடியும். ஒரு வரிக்கு ஒரு கவலை எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் நாளைய தேவை அளவுக்குக் குறையுங்கள். 'வேலை போய்விடுமோ' என்பதில் ஆண்டவரிடம் கேட்க எதுவும் இல்லை. 'ஆண்டவரே, நாளை மேனேஜரிடம் பேசும்போது நிதானமான வார்த்தை தாரும்' என்று கேட்கலாம். அதன் கீழேயே, அதே விஷயத்தில் ஒரு நன்றி: 'இந்த மாத வீட்டுக் கடன் கட்டியாயிற்று, ஸ்தோத்திரம்.' ஜீவன், சுகம், பெலன் என்று வழக்கமாக அடுக்கினால் உதடு மட்டும்தான் அசையும். கவலை எதைப் பற்றியோ, நன்றியும் அதைப் பற்றியே இருக்கட்டும்.

வாய்விட்டுச் சொல்லுங்கள். வாக்கியம் 'ஆண்டவரே' என்று தொடங்காமல் 'ஒருவேளை' என்று தொடங்கினால், ஜெபம் நின்றுபோய்க் கவலை திரும்பிவிட்டது. அங்கேயே நிறுத்தி 23ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், ஆறே வசனம்.

இன்னொன்று. அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனம், சபையில் இரண்டு சகோதரிகளுக்குள் இருந்த பிணக்கைத் தீர்க்கச் சொல்கிறது. யாரோடாவது பேச்சு நின்றுபோயிருந்தால் முதலில் அவருக்கு ஒரு போன் போடுங்கள்.

உட்லண்ட்ஸ், சகோதரி:

அண்ணன் சொன்ன நன்றி எல்லாருக்கும் முதல் நாளே வராது. சாவு விழுந்த வீட்டில், கரு கலைந்த வீட்டில், 'துதியுங்க, எல்லாம் மாறும்' என்று சொல்லாதீர்கள், அது மனதை இன்னும் நோகடிக்கும். அவர்களுக்கு ஏற்றது 13ஆம் சங்கீதம். முதல் இரண்டு வசனத்தில் 'எதுவரைக்கும்' என்று நான்கு முறை தாவீது கேட்கிறான். மூன்றிலும் நான்கிலும் விண்ணப்பம். ஐந்து, ஆறில்தான் நம்பிக்கையும் பாட்டும் வருகின்றன. ஒரே நாளில் ஆறையும் முடித்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. முதல் வாரம் முழுக்க அந்த 'எதுவரைக்கும்' வசனங்களிலேயே இருக்கலாம், தங்களுடைய 'எதுவரைக்கும்' எது என்று எழுதலாம். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. சந்தோஷமாக இருப்பதுபோல் நடிக்க வேண்டியிருந்தால், துக்கத்தில் இருப்பவர்கள் சபைப் பக்கம் வரவே தயங்குவார்கள். போகிறவர்கள் புத்திமதி சொல்லாமல் கூட உட்கார்ந்து வாசியுங்கள், சாப்பாடு கொண்டுபோங்கள்.

ஹவ்காங், கத்தோலிக்கச் சகோதரர்:

எங்கள் பக்கம் செபமாலை, மணிகளை எண்ணிச் சொல்லும் மாதா செபம். பத்து மணிகள் கொண்ட ஐந்து பகுதிகளையும் சொல்ல ஏறக்குறைய 20 நிமிடம், எம்ஆர்டி ரயில் பயணத்துக்குச் சரியாக இருக்கும். மாலையை வெளியே எடுக்கக் கூச்சமாக இருந்தால் பத்து விரலே போதும். செபமாலையில் தியானிக்கும் இயேசு, மாதா வாழ்க்கை நிகழ்வுகளை மறைபொருள்கள் என்போம்: திங்களும் சனியும் மகிழ்ச்சி மறைபொருள்கள், செவ்வாயும் வெள்ளியும் துயர மறைபொருள்கள். மனம் பாரமான நாளிலும் அந்த நாளுக்குரியதையே சொல்லுங்கள், நம் மனநிலையைப் பார்த்து மாற்ற வேண்டாம். தனியாகச் சொல்ல முடியாதவர்கள், 1888இல் எழுந்த ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்துக்கு ஞாயிறு தமிழ்த் திருப்பலிக்கு வாருங்கள். மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் செபம்தான்.

தாதியாக வேலை பார்க்கும் சகோதரி:

1 இராஜாக்கள் 19ஐ வாசியுங்கள். சாக வேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குக் கர்த்தர் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டார், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தந்தார், மறுபடியும் தூங்கவிட்டார். நைட் ஷிப்ட் முடித்து, வெறும் வயிற்றில் இரண்டு கோப்பி குடித்துவிட்டு உபவாச ஜெபத்தில் உட்கார்ந்தால் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். அதைப் பிசாசின் போராட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், முதலில் சாப்பிட்டுத் தூங்குங்கள்.

தூக்கமின்மை, பயம், எதிலும் பிடிப்பில்லாமை இரண்டு வாரம் தாண்டியும் தொடர்ந்தால் பாலிகிளினிக் (அரசு மருந்தகம்) போங்கள். மாத்திரை எடுத்தால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று ஆகாது. மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். 'ஜெபித்தேன், சரியாகிவிட்டது' என்று டாக்டரைக் கேட்காமல் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் திரும்பும். பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல எண் 1771, 24 மணி நேரமும் உண்டு. தற்கொலை எண்ணம் தலைதூக்கினால் உடனே தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767, உயிருக்கு ஆபத்து என்றால் ஆம்புலன்ஸ் எண் 995. ஜெபக்குழு தலைவர்கள் இந்த எண்களைப் போனில் பதிந்து வைத்திருப்பது நல்லது.

துவாஸ் வட்டார வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் ஊழியம் செய்யும் சகோதரர்:

ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்த தம்பிகளுக்கு ஒரு சின்ன யோசனை. நமக்கு இரவு 10 மணி என்றால் தமிழ்நாட்டில் 7:30, எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரம். போனில் குடும்ப ஜெபத்துக்கு அதுதான் தோதான நேரம். ஆனால் முதலில் பணம், கடன், பள்ளிக் கட்டணம் என்று பேச்சை எடுத்தால் ஜெபத்துக்கு இடமே இருக்காது. போன் எடுத்ததும் ஒரு சங்கீதம், பிள்ளை ஒரு வரி ஜெபம், அம்மா ஒரு வரி, நீங்கள் ஒரு வரி. பத்து நிமிடத்தில் முடியும். கணக்கு வழக்கை அதற்கப்புறம் பேசிக்கொள்ளுங்கள்.