அந்த 14,000 கதையை இன்னும் எத்தனை நாள் சொல்வீர்கள்?

மறைசாவி:
நேற்று டெனிசோவன் என்ற ஆதி மனிதக் கூட்டம் பற்றிய பேச்சில் கொட்டாஞ்சேனை ராசா எழுதியதை வாசித்துவிட்டு இரவெல்லாம் கடுப்பு. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணன் மூலம் எச்சிலில் டிஎன்ஏ சோதித்துச் சொல்லும் 23அன்ட்மீ கம்பனிக்கு எச்சில் கொடுத்தாராம், தனக்கு 2 சதவீதம் நியாண்டர்தால், அதாவது அழிந்துபோன அந்த ஆதி மனிதரின் டிஎன்ஏ, என்று அறிக்கை வந்ததாம். வரட்டும், சந்தோஷம். ஆனால் அடுத்த வரி? "2023இல் அந்தக் கம்பனியில் களவு போனது வெறும் 14,000 பேரின் தகவல்தான், அதில் நான் இல்லை, சும்மா பயம் காட்டாதீர்கள்." ஐசே, 14,000 என்பது கள்ளன் திறந்த கதவுகளின் எண்ணிக்கை. அந்தக் கதவுகளுக்குள் நின்று அவன் எழுதிக்கொண்டு போனது ஏறக்குறைய 69 இலட்சம் பேரின் விபரம். நான் பதினொரு வருஷமாக இந்தக் கணினிப் பாதுகாப்புத் தொழிலில்தான் சோறு சாப்பிடுகிறேன், என்னிடம் இதைச் சொல்லக்கூடாது.

கொட்டாஞ்சேனை ராசா:
வந்துவிட்டார் வாத்தியார். 14,000 என் கற்பனை இல்லை. 0.1 சதவீதக் கணக்குகள் என்று கம்பனியே அமெரிக்க அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்தது. வாடிக்கையாளர் 1 கோடி 40 இலட்சம் அளவில் என்றால் 0.1 சதவீதம் எவ்வளவு? ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள். 14,000.

மறைசாவி:
பெருக்கல் தெரிகிறது, வாசிப்புத்தான் தெரியவில்லை. "உறவினர்களைக் கண்டுபிடி" என்று அதில் ஒரு வசதி உண்டு. அதை இயக்கி வைத்தவரின் பெயர், எந்த வழி வந்தவர், டிஎன்ஏ எத்தனை சதவீதம் பொருந்துகிறது என்பதெல்லாம் அவருடைய தூரத்துச் சொந்தங்களுக்குத் தெரியும். சொந்தக்காரர் ஒருவரின் கணக்கைத் திறந்தால் அந்தப் பட்டியல் முழுவதும் கையில். அதுதான் 69 இலட்சம். வாடிக்கையாளரில் பாதிப் பேர்!

தெஹிவளை டீச்சர்:
தம்பிமாரே, முதலில் ஹேக் என்றால் எது, தகவல் போனது என்றால் எது என்று இருவரும் ஒரு முடிவுக்கு வாருங்கள். ஒருவர் கணக்கை எண்ணுகிறார், மற்றவர் ஆளை எண்ணுகிறார்.

கொட்டாஞ்சேனை ராசா:
டீச்சர், மரியாதையோடு சொல்கிறேன், எண்ணிக்கை ஒன்றுதான். 14,000.

மாலுபாண்:
எனக்கு வேறு சந்தேகம். சிம்பன்சியோடு நமக்கு 98 சதவீதம் ஒற்றுமை என்கிறார்கள். நியாண்டர்தாலோடு 2 சதவீதம்தான் என்றால் ராசா அண்ணை குரங்குக்குத்தானே கிட்டச் சொந்தம்?

தெஹிவளை டீச்சர்:
அப்படியில்லை மகன். 98 என்பது எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்த ஒற்றுமை. அந்த அளவுகோலில் பார்த்தால் நியாண்டர்தாலோடு நமக்கு 99.7 சதவீதம் வரும். 2 சதவீதம் என்பது வேறு கணக்கு. ஆபிரிக்காவிலிருந்து வெளியே வந்த நம் முன்னோர் அவர்களோடு கலந்து பிள்ளை பெற்றதால் பரம்பரையாக வந்த துண்டுகளின் பங்கு அது. 2010இல் மரபணு ஆய்வாளர் ஸ்வாண்டே பேபோவின் குழு நியாண்டர்தால் மரபணுத் தொகுதியை வெளியிட்ட பிறகுதான் இது தெளிவானது, 2022இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அப்புறம் ராசா தம்பி, வெள்ளவத்தைச் சந்தையில் நிற்கும் யாரைப் பிடித்துச் சோதித்தாலும் ஏறக்குறைய அதே 2தான் வரும். பெருமைப்பட ஒன்றும் இல்லை.

கொட்டாஞ்சேனை ராசா:
நான் பெருமைப்பட்டேன் என்று யார் சொன்னது? அறிக்கையைச் சட்டம் போட்டு மாட்டியது என் மனைவி.

வில்லாளி:
நியாண்டர்தாலை விடுங்கள். களுத்துறை மாவட்டத்தில், புளத்சிங்களவுக்குப் பக்கத்தில், பாகியன்கல குகையில் 48,000 வருஷத்துக்கு முந்திய எலும்பு அம்பு முனைகள் எடுத்திருக்கிறார்கள். உலகின் முதல் வில்லும் அம்பும் நம் நாட்டில்! இதைப் பேச ஒருவருக்கும் வாய் இல்லை.

தெஹிவளை டீச்சர்:
வருஷம் சரி, "உலகின் முதல்" பிழை. 2020இல் அந்த ஆய்வு வந்தபோது ஆபிரிக்காவுக்கு வெளியே மிகப் பழையது என்றுதான் சொன்னார்கள். தென்னாப்பிரிக்காவின் சிபுடு குகையில் 60,000 வருஷத்துக்கும் மேற்பட்ட முனைகள் உண்டு. போதாததற்கு, 2023இல் பிரான்ஸின் மான்ட்ரான் குகையிலிருந்து 54,000 வருஷத்துக்கு முந்திய அம்பு வேறு வந்துவிட்டது. நம் குகைக்காரர் குரங்கையும் அணிலையும் வேட்டையாடி, அந்தக் குரங்கின் எலும்பிலேயே ஆயுதம் செய்தார்கள். எனக்கு அந்தக் கெட்டித்தனம்தான் பெரிது, முதலாவதா மூன்றாவதா என்பது இல்லை.

வில்லாளி:
வெள்ளைக்காரன் குகை என்றால் உடனே நம்புவீர்கள்.

மறைசாவி:
குகைக்குள் ஒளித்து ராசாவைத் தப்ப விடாதீர்கள். உங்கள் டெனிசோவனையே எடுங்கள். சைபீரியாவில் 2008இல் கிடைத்தது ஒரு சிறுமியின் விரல் எலும்புத் துண்டு. அதை வைத்துத்தான் 2010இல் யாருமே அறியாத ஒரு மனிதக் கூட்டம் இருந்ததென்று கண்டுபிடித்தார்கள். சீனாவின் ஹார்பின் மண்டையோட்டுக்கும் அதே கதைதான். 1933இல் பாலம் கட்டும் இடத்தில் தொழிலாளி ஒருவர் எடுத்து, பாழ்கிணற்றில் ஒளித்து வைத்து, 2018இல்தான் வெளியே வந்ததாம். குறைந்தது 146,000 வருஷப் பழசு. 2025இல் அதன் பல்லில் படிந்திருந்த காரையைச் சுரண்டி டிஎன்ஏ எடுத்து, ஆள் டெனிசோவன் என்று சொல்லிவிட்டார்கள். பல்லுக் காரையே இவ்வளவு பேசும்போது, நீங்கள் குழாயில் துப்பி, பெயர் எழுதி, ஒட்டி, தபாலில் போட்டிருக்கிறீர்கள். உங்கள் அண்ணன், அவர் பிள்ளைகள், யாழ்ப்பாணத்துப் பெரியம்மா, எல்லோருடைய பங்கும் அந்தத் துப்பலில் இருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றலாம். எச்சிலை எப்படி மாற்றுவீர்கள்?

மாலுபாண்:
எண்பத்தைந்து வருஷம் கிணற்றுக்குள் பேக்கப்! நம் அரசாங்க மின்னஞ்சலுக்கு 2023இல் கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்து மாதக்கணக்கான கடிதங்கள் போனபோது ஒரு கிணறு இருந்திருக்கலாம்.

கொட்டாஞ்சேனை ராசா:
பேச்சை மாற்றுவதில் மறைசாவியை மிஞ்ச ஆள் இல்லை. நான் கேட்டது ஒரே கேள்வி. உள்ளே நுழைந்த கணக்குகள் எத்தனை? 14,000 ஆம் அல்லது இல்லை, ஒரு சொல்லில்.

மறைசாவி:
ஆம், ஆனால்

மறைசாவி:
கை பட்டு அனுப்பிவிட்டது. ஆம், ஆனால் அதற்குள் 69 இலட்சம். பிரித்தானியாவின் தகவல் ஆணையாளர் 2025 ஜூனில் 23 இலட்சம் பவுணுக்கு மேல் அபராதம் போட்டது சும்மாவா? கம்பனி அதே வருஷம் மார்ச்சில் வங்குரோத்து மனுப் போட்டது, உங்கள் எச்சிலும் ஏலத்துக்குப் போனது!

கொட்டாஞ்சேனை ராசா:
எல்லோரும் பார்த்தீர்கள், "ஆம்" என்றார். மேலும் கம்பனியின் கணினிக்குள் யாரும் நுழையவில்லை. வேறு தளங்களில் கசிந்த பழைய பாஸ்வேர்டை ஆட்கள் இங்கேயும் வைத்திருந்தார்கள், அதைப் போட்டுப் போட்டுப் பார்த்துத் திறந்தார்கள். அது ஹேக்கே இல்லை.

மறைசாவி:
பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்தால் ஹேக் இல்லையா? கள்ளச் சாவியால் திறந்தால் களவு இல்லையா? பிள்ளைக்கும் விளங்கும்.

கொட்டாஞ்சேனை ராசா:
நல்லது. அப்படியென்றால் போன வருஷம் உங்கள் கணக்கிலிருந்து எங்கள் எல்லோருக்கும் கிரிப்டோ லிங்க் வந்ததே, அன்று என்ன எழுதினீர்கள்? "இது ஹேக் இல்லை, பழைய பாஸ்வேர்ட் ஒன்று எங்கோ கசிந்திருக்கிறது, பதற வேண்டாம்." நான் ஸ்கிரீன்ஷாட் வைத்திருக்கிறேன். பதினொரு வருஷச் சோறு!

மாலுபாண்:
ஐயோ. எனக்கும் வந்தது, அம்மா அதை அமத்திவிட்டார்.

மறைசாவி:
அது முற்றிலும் வேறு சூழ்நிலை. நான் அந்த நேரம் கண்டியில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன், போனில் சார்ஜ் இல்லை, இரண்டு படிச் சரிபார்ப்பும் புது சிம்முக்கு மாற்றும் இடைவெளியில் இருந்தது. அதையும் இதையும் ஒன்றாக்குவது உங்கள் சின்னப் புத்தி. காலிமுகத்திடல் சந்திப்பில் இஸ்ஸோ வடைக் காசை என் தலையில் கட்டிவிட்டு "அவசரம்" என்று போன ஆள்தானே நீங்கள்.

கொட்டாஞ்சேனை ராசா:
இரண்டு வடை. எண்ணிக்கை பேசுகிறவர் அதிலும் சரியாக இருக்க வேண்டும்.

மறைசாவி:
ஆறு.

தெஹிவளை டீச்சர்:
ராசா தம்பி, ஒரு சின்னக் கேள்வி. உங்கள் கணக்கில் அந்த உறவினர் வசதி இயக்கத்தில் இருந்ததா?

கொட்டாஞ்சேனை ராசா:
அது எனக்குத் தெரியாது டீச்சர். கணக்கு அண்ணன் பெயரில், பாஸ்வேர்டும் அவரிடம்தான். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான் வைப்பார், மறக்காமல் இருக்க. ஆனால் அவர் அந்த 14,000இல் இல்லை.

மறைசாவி:
எப்படித் தெரியும்???

கொட்டாஞ்சேனை ராசா:
இருந்திருந்தால் சொல்லியிருப்பார். வடை இரண்டுதான்.

வில்லாளி:
சிபுடு முனைகளை அளந்தது யார் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.