மூக்குச் சதை மறுபடியும் வளர்ந்துவிட்டது: மீண்டும் அறுவைச் சிகிச்சையா?

கேள்வி (யாங்கோன்):
என் கணவருக்கு மூக்குச் சதையை எடுத்தோம்; மறுபடியும் வளர்ந்துவிட்டது. மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) கொதிக்கும் வாசனைகூட அவருக்குத் தெரியவில்லை. இரவெல்லாம் வாயால்தான் மூச்சு விடுகிறார். மறுபடி கத்தி வைக்க வேண்டும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில் (மாண்டலே):
அக்கா, என் அம்மாவுக்கும் இதே தொல்லைதான். சதையை மட்டும் எடுத்தால் உள்ளே அழற்சி அப்படியே இருக்கும். எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாய் வழியாகச் சைனஸ் அறைகளை (மூக்கைச் சுற்றியுள்ள காற்றறைகளை) நன்றாகத் திறந்துவிட்டால், பிறகு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்து உள்ளே போய்ச் சேரும். சிடி ஸ்கேன் எடுத்தார்களா? அவருக்கு ஆஸ்துமா உண்டா? ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளுமா?

கேள்வி கேட்டவர்:
ஆஸ்துமா உண்டு. தலைவலிக்கு ஆஸ்பிரின் போட்டபோது மூச்சு திணறியது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

பதில் (மாண்டலே):
உடனே சொல்லுங்கள், மயக்க மருந்து டாக்டரிடமும். மூக்குச் சதை, ஆஸ்துமா, ஆஸ்பிரின் ஒவ்வாமை மூன்றும் சேர்ந்தவர்களுக்குச் சதை திரும்ப வளர்வது அதிகம். ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையையும் தவிர்க்க வேண்டும். சிகிச்சைக்குப் பிறகு உப்புநீரால் மூக்கைக் கழுவுவதை விடவே கூடாது. கொதித்து ஆறிய நீர்தான். குழாய்த் தண்ணீர் ஆகாது. அம்மா குனிந்து, தலையைச் சாய்த்து ஒரு துவாரத்தில் ஊற்றுவார். மறு துவாரம் வழியாக வழியும்.

பதில் (மொலமைன்):
அழற்சியைக் குறைக்கும் டூபிலுமாப் ஊசியைப் பற்றியும் கேளுங்கள். 2019-இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதித்தார்கள். விலைதான் மலைக்க வைக்கும்.