இரண்டு மோட்டார் யாட்டில் எதை வாங்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். வீட்டில் பல வருடம் பேசிப் பேசி, கடைசியில் இரண்டு யாட்டில் வந்து நிற்கிறோம். இரண்டும் 60 அடி, மேலே ஃப்ளைபிரிட்ஜ் (மேல்தளத்திலிருந்தும் ஓட்டும் இடம்), கீழே மூன்று படுக்கையறை, இரட்டை டீசல் எஞ்சின். படங்களை அருகருகே வைத்தால் வித்தியாசமே தெரியாது.

வித்தியாசம் அடிப்பாகத்தில்தான். ஒன்றில் வழக்கமான ஷாஃப்ட், அதாவது எஞ்சினிலிருந்து பின்னால் உள்ள புரொப்பல்லருக்குப் போகும் நீளமான தண்டு. மற்றதில் 2005இல் வந்த, வால்வோ பென்டா நிறுவனத்தின் ஐபிஎஸ் என்ற உந்து அமைப்பு, படகின் அடியில் திரும்பும் அலகுகளாக இருக்கும். அதில் புரொப்பல்லர் முன்பக்கம் பார்த்தபடி படகை இழுக்கும். ஜாய்ஸ்டிக் இருப்பதால் நெருக்கடியான இடத்தில் கட்டுவது சுலபம், டீசலும் மிச்சமாகும். ஆனால் தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் சீல், கியர் ஆயில் என்று பராமரிப்பு கூடுதல். ஷாஃப்ட் எளிமையானது, பழுது பார்க்க ஆள் கிடைப்பதும் எளிது. என் மனசு அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

தடுப்பது ஒன்றே ஒன்று. ஐபிஎஸ் படகில் கைரோ (வேகமாகச் சுழலும் சக்கரத்தால் படகின் ஆட்டத்தைக் குறைக்கும் கருவி) இருக்கிறது, ஷாஃப்ட் படகில் ஆட்டத்தைக் குறைக்க எதுவும் இல்லை. நங்கூரம் போட்டு நிற்கும்போது படகு உருண்டால் அம்மாவுக்குத் தாங்காது.

இரண்டுமே ஏற்கெனவே ஓடியவை. படகுகளைப் பரிசோதிக்கும் சர்வேயரை வைத்து, கரையேற்றிப் பார்த்து, எஞ்சின் ஆயிலையும் சோதித்த பிறகுதான் பணம் கொடுப்போம்.

ஷாஃப்ட் படகில் பின்னால் கைரோ பொருத்தியவர்கள் இருக்கிறீர்களா? எடை, இடம், ஜெனரேட்டர் சுமை எப்படி இருந்தது? ஐபிஎஸ் வைத்திருப்பவர்கள் சீல் மாற்றிய அனுபவத்தையும் தயவுசெய்து எழுதுங்கள்.