ஹேமார்க்கெட் மேல்முறையீடு: சட்டம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். 1886 மே 4 சிகாகோ ஹேமார்க்கெட் குண்டுவெடிப்பு வழக்கைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். எட்டு மணி நேர வேலைக்கான போராட்டம் சூடாக இருந்த நேரம். போலீஸ்காரர்கள் மேல் குண்டை எறிந்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனாலும் எட்டுப் பேர் குற்றவாளிகள், அதில் ஏழு பேருக்குத் தூக்குத் தண்டனை!

எறிந்தவனை அடையாளம் காணாமலேயே மற்றவர்களைக் கொலைக்கு உடந்தை என்று தண்டித்ததை, 1887 செப்டம்பரில் சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் எந்த அடிப்படையில் ஏற்றது? ஜூரி தேர்வில் பாரபட்சம் என்ற வாதம் எனக்கு வலுவாகவே படுகிறது. அதையும் தள்ளிவிட்டார்கள். அப்புறம், நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் கையை விரித்துவிட்டது. உரிமைச் சட்டம் (குடிமக்களின் அடிப்படை உரிமைகளைச் சொல்லும் அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் பத்துத் திருத்தங்கள்) அப்போது மாநிலங்களைக் கட்டுப்படுத்தவில்லை என்பதுதான் காரணமா?

தீர்ப்பை முழுசாகப் படித்தவர்கள் கொஞ்சம் விளக்குங்களேன்.